அத்தர் துடைத்த லென்ஸ்

அந்தக் கேம் பெட்டி என் கடை அலுமாரியின் மேல் நான்கு வருடமும் ஏழு மாதமும் இருந்தது. நான் அதை விற்கவில்லை. திறக்கவில்லை. அதிலிருந்து ஒரு ஆணிகூடக் கழற்றி வேறொன்றுக்குப் போடவில்லை. அது அமானிதம். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள், அவர் வந்து கேட்கும்வரை அவருடையதுதான்.

சம்மாந்துறையில் ரேடியோ, டிவி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பெயர் ஜவுபர். எந்தப் பொருள் வந்தாலும் ஒரு துண்டுக் கடதாசியில் திகதி, பெயர், ஊர், குறை என்ற நான்கையும் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுவது என் வழக்கம். அந்தப் பெட்டியின் மேலும் ஒட்டியிருந்தது: 22.12.2004, சரீப், மருதமுனை, டிஸ்க் வாசிக்கவில்லை.

சரீப்புக்கு அப்போது பதினாறு பதினேழு வயதிருக்கும். சைக்கிளை அவன் மிதிக்க, அவனுடைய கூட்டாளி பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். மருதமுனைக்குக் கல்முனைப் பசார்தான் கிட்ட. அதைத் தாண்டி இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "பசார்ல எல்லாருக்கும் வாப்பாவத் தெரியும், நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான். வாப்பாவுக்குத் தெரியாமல் வந்திருக்கிறான் என்று விளங்கிக்கொண்டேன். சனிக்கிழமை வரச் சொன்னேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை மச்சினன் வீட்டில் வலீமா, கல்யாண விருந்து. கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் ஞாயிறு காலையில் கடல் வந்தது.

மூன்றாவது வாரம் மருதமுனைக்குப் போனேன். கடற்கரைத் தெருக்கள் இருந்த இடத்தில் வீடுகளின் சீமெந்துத் தரைகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. பள்ளிக்கூட முகாமில் விசாரித்தபோது, "எந்தச் சரீப்? ஆருட மகன்?" என்று கேட்டார்கள். வாப்பாவின் பெயர் எனக்குத் தெரியாது. துண்டில் எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து வாப்பாவின் பெயரை ஐந்தாவதாக எழுதி வருகிறேன். பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் மேல் வைத்தேன்.

யுத்தம் முடிந்து இரண்டாவது மாதம், ஜூலையில் ஒரு நாள், மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்தபோது வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கறுப்பு அபாயா போட்ட நடுத்தர வயதுப் பெண். மற்றவன் நெற்றியில் திருநீறு பூசிய இளைஞன்.

"நானா, என்னத் தெரியுதா?" என்றான் அவன். "நிரோசன். பெரியநீலாவணை. சரீப்ட சைக்கிள்ல பெட்டிய மடியில வச்சிக்கு வந்தவன்."

நான் அலுமாரியின் மேலே கையைக் காட்டினேன். அவன் அண்ணாந்து பார்த்தான். பொலித்தீனுக்குள் அந்தக் கறுப்புப் பெட்டி தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்துவிட்டான்.

"இரிக்கி உம்மா! சொன்னனே, இரிக்கி!"

அந்தப் பெண் சரீப்பின் உம்மா, சுல்பிகா. கடலில் மகனும் கணவரும் போனார்கள். அவர் மட்டும் சம்மாந்துறையில் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்ததால் தப்பினார். இப்போது மருதமுனையில் சுனாமி வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டில் இருக்கிறார். மகன் பெட்டியை இங்கே கொண்டுவந்த கதை அவருக்கு இதுவரை தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நிரோசன். அவனையோ, வயதுப் பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போன காலத்தில் தாய் தகப்பன் கட்டாருக்கு அனுப்பிவிட்டார்கள். சண்டை முடிந்து போன வாரம்தான் ஊருக்கு வந்திருக்கிறான். வந்ததும் கூட்டாளியின் உம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறான்.

"தம்பி," என்றார் சுல்பிகா, "அவன்ட படம் ஒண்டும் எங்கிட்ட இல்ல. ஐடென்டிட்டி கார்டுக்கு எடுத்ததும் கடலோட பெய்த்து. ஜப்பான்ல இரிக்கிற என்ட தம்பிட்ட அவன்ட நாலு வயசுப் படம் ஒண்டு இரிக்கி. அதுல பாதி முகத்த பலூன் மறைச்சிரிக்கி. இந்த மகன் சொல்றான், இந்தப் பெட்டிக்குள்ள அவன்ட முகம் இரிக்காம். மெய்தானா?"

நிரோசன் விளங்கப்படுத்தினான். அது கால்பந்து விளையாட்டு. ஆட்டக்காரர்களை நாமே உருவாக்கலாம். முகம், தலைமயிர், உயரம், சட்டை இலக்கம், பெயர் எல்லாம் நம் விருப்பம். டியூசன் வகுப்பிலிருந்த பதினொரு பேரையும் சரீப் ஒவ்வொருவராகச் செய்தான். ஆறு பேர் மருதமுனை, ஐந்து பேர் நீலாவணை. தன் முகத்தைச் செய்ய ஒரு கிழமை கண்ணாடியும் கையுமாக இருந்தான். எல்லாம் பெட்டியில் குத்தியிருக்கும் மெமரி கார்டுக்குள் இருக்கிறது.

"அவன் ஒருத்தனுக்கும் காட்டாமத்தான் செஞ்சவன்," என்றான். "நான் பார்க்குறதுக்குள்ள டிஸ்க் வாசிக்காமப் பெய்த்து. சனிக்கிழமையும் வந்த நாங்க, நானா. கடை பூட்டு."

அந்தச் சொல் என்னை அடித்தது. நான் கடையைத் திறந்திருந்தால் பெட்டியைச் சனிக்கிழமையே திருத்திக் கொடுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கடலோடு போயிருக்கும். ஒரு வலீமாச் சாப்பாட்டுக்காக நான் போட்ட பூட்டு. சுப்ஹானல்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு பெட்டியை இறக்கினேன்.

எதையும் ஒழுங்கு முறையாகச் செய்தால்தான் எனக்குக் கை ஓடும். முதலில் பெட்டியின் அடியிலுள்ள எழுத்தை வாசித்தேன். ஜப்பான் பெட்டி. நூறு வோல்ட். நம் ஊர்க் கரண்டில் நேரே குத்தினால் ஒரு நொடியில் புகைதான். சரீப் ஒரு சின்ன ட்ரான்ஸ்போமரையும் சேர்த்துத் தந்திருந்தான். அதை மீட்டரில் சோதித்தேன். சரியாக இருந்தது.

அடுத்து, இந்தப் பழைய பெட்டியோடு மல்லுக்கட்டாமல் வேறு வழி உண்டா என்று பார்த்தேன். இரண்டு கடை தள்ளி மசூர் என்பவர் பிள்ளைகளுக்கு மணிக்கு இவ்வளவு என்று காசுக்குக் கேம் விடுகிறார். கார்டையும் டிஸ்க்கையும் அவரிடம் கொண்டுபோனேன். அவருடைய பெட்டி கார்டைக் கண்டுகொண்டது. டிஸ்க்கைப் போட்டதும் திரை முழுக்கச் சிவப்பு.

"இது ஜப்பான் டிஸ்க், ஜவுபர். எங்கட பெட்டி தொடாது," என்றார் மசூர். "இதக் காட்டிக் குடுக்கிறதெண்டா இது வந்த பெட்டிதான் காட்டிக் குடுக்கோணும்."

திரும்பி வந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்தேன். எட்டு ஆணி. மூடியைத் தூக்கினேன்.

கடை முழுக்க மணம் பரவியது.

சந்தனமும் மல்லிகையும் கலந்த அத்தர். நாலரை வருடம் பூட்டிக் கிடந்த பெட்டிக்குள்ளிருந்து, இப்போதுதான் யாரோ பூசிக்கொண்டு உள்ளே வந்ததுபோல. எத்தனையோ பெட்டிகளைத் திறந்திருக்கிறேன். கரப்பான், பல்லி முட்டை, எரிந்த வயர் நாற்றம். இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

சுல்பிகா எழும்பி நின்றுவிட்டார். "இது சரீப்ட வாப்பாட அத்தர். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு மட்டும் பூசுறது. இது எப்பிடி இதுக்குள்ள வந்த?"

நிரோசன் தலையைச் சொறிந்தான். "உம்மா, ஏசாதீங்க. டிஸ்க் இடைக்கிடை நிக்கத் தொடங்கின நேரம், ஃபார்மசியில கேட்ட நாங்க. லென்ஸ ஸ்பிரிட்டால துடைக்கச் சொல்லிச் சின்னப் போத்தில் ஒண்டு தந்தாங்க. வாப்பா மணத்துப் பார்த்திட்டு, சாராயச் சாமான் ஊட்டுக்குள்ள ஏலா எண்டு தண்ணி ஓடுற கானுக்குள்ள ஊத்திட்டார்."

"ஓம், ஊத்தினார். எனக்கு ஞாபகம்."

"மறுகா சரீப் யோசிச்சான். வாப்பாட அத்தர்ப் போத்தில்ல 'ஸ்பிரிட் கலக்காதது' எண்டு எழுதியிருக்குத்தானே? 'ஹலாலான சாமான்டா இது, நல்லாத் துடைக்கும்' எண்டு சொல்லி..."

"பூசிட்டானா?"

"மூணு தரம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்பிரிட் கலக்காத அத்தர் என்றால் முழுவதும் எண்ணெய். கையிலே பூசினால் மணக்கும். லென்ஸில் பூசினால் அதன் கண்ணை மறைத்துவிடும். அந்த எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டி, காலத்தோடு பிசினாகி, நெல்மணி அளவு லென்ஸ் பழுப்பாகிக் கிடந்தது. இந்தக் குறை வேறெந்த ஊரிலும் வந்திருக்காது.

பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்தேன். சுல்பிகா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கிறதுக்கில்ல ராத்தா. துடைக்கத்தான்."

"அது தெரியும் தம்பி. அது துடைச்சா மணம் பெய்த்திருமா?"

என் கை நின்றது. நான் அதை யோசிக்கவில்லை. கணவருடைய மணம் அந்த லென்ஸில்தான் மிஞ்சியிருந்தது. மகனுடைய முகம் அதற்குப் பின்னால் இருந்தது. ஒன்றைத் துடைக்காமல் மற்றதைப் பார்க்க வழியில்லை.

"போகும் ராத்தா."

அவர் குனிந்து, பெட்டிக்கு மேல் முகத்தை வைத்து, ஒரு முறை நன்றாக மூச்சை இழுத்தார். பிறகு நிமிர்ந்தார். "துடைங்க."

ஸ்பிரிட் படுமுன் காய்ந்த பஞ்சால் மேலே இருந்ததை ஒற்றியெடுத்து, அந்தப் பஞ்சைக் கடதாசியில் மடித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதன்பின் ஸ்பிரிட்டால் நான்கு தரம் துடைத்தேன். லென்ஸ் நீலமாகப் பளிச்சிட்டது.

பெட்டியை டிவியோடு இணைத்து டிஸ்க்கைப் போட்டோம். சுற்றியது. கிர்ர் என்று ஒரு சத்தம். திரை சிவந்தது. மறுபடியும் போட்டோம். மறுபடியும் சிவப்பு.

அந்த இடத்தில்தான் நான் இருவரையும் பார்த்துக் கதைக்க வேண்டியிருந்தது.

"லென்ஸ் துப்பரவு. ஆனா உள்ளுக்கு இருக்கிற லைட்டுக்குப் பலமில்ல. மங்கிப் பெய்த்து. பக்கத்துல ஒரு சின்னத் திருகு இருக்கு. அத முறுக்கினா லைட் கூடும். ஆனா அது சாகப் போற நெருப்ப ஊதிவிடுற மாதிரி. ஒரு மணித்தியாலம் எரியும், இல்லாட்டி ஒரு நிமிசம். எரிஞ்சு முடிஞ்சா அவ்வளவுதான். ஜப்பான் பெட்டிக்கு இஞ்ச லென்ஸ் கிடையாது."

"முறுக்குங்க," என்றார் சுல்பிகா.

மயிரளவு முறுக்கினேன். சிவப்பு. இன்னும் மயிரளவு. சிவப்பு. மூன்றாவது தரம் டிஸ்க் சுற்றும் சத்தம் மாறியது. வண்டு பூவில் நின்று பறக்கும் சத்தம். திரை கறுத்தது. பிறகு, பச்சைப் புல்வெளி.

நிரோசன் "டேய்!" என்று கத்தினான். யாரைக் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

திரையில் வந்த எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. எனக்கு ஒரு கோடும் விளங்கவில்லை. "உனக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஒரு எழுத்தும் தெரியா நானா. எல்லாம் எண்ணிக்கைதான். கீழ மூணு, வலப்பக்கம் ஒண்டு, வட்டப் பொத்தான், கீழ அஞ்சு." கொன்ட்ரோலரைக் கையில் வாங்கினான். நாலரை வருடமாகத் தொடாத விரல்கள். கண்ணை மூடிக்கொண்டான். விரல்கள் தாமாகப் போயின. திரைக்குப் பின் திரையாகத் திறந்தது. எங்கும் நிற்கவில்லை, ஒரு தரம்கூடத் தவறவில்லை. தொழுகையில் ஓதுகிறவன் நாக்கு போவதுபோலப் போனது.

கடைசியில் ஒரு பட்டியல் வந்தது. ஆங்கில எழுத்தில் பதினொரு பெயர். நிரோசன் வாசித்தான். பெயரோடு அந்த ஆள் இப்போது இருக்கும் ஊரையும் சொன்னான். சில பெயர்களுக்கு மட்டும் ஊர் சொல்லாமல் அடுத்ததற்குப் போனான். ஒன்பதாம் இலக்கம் சரீப். வட்டத்தை அமத்தினான்.

ஒரு முகம் பெரிதாக வந்து, மெல்ல இடமும் வலமும் திரும்பியது.

சுல்பிகா டிவிக்கு ஒரு முழத் தூரத்தில் போய் நின்றார். நெடுநேரம் பார்த்தார். நான் அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"இது அவன் இல்ல."

"உம்மா, சரியாப் பாருங்க..."

"பார்த்தன் மனே. மூக்கு இப்பிடி இல்ல. கன்னம் இப்பிடி இல்ல. இது ஆரோ ஒரு புள்ள."

அவர் சொன்னது சரிதான். நானும் பார்த்தேன். கடைக்கு வந்த பையன் அவனல்ல. பெட்டியில் இருந்த பத்து மூக்கில் ஒன்று, பத்து வாயில் ஒன்று. எத்தனை கிழமை கண்ணாடி பார்த்தாலும் அவற்றைக் கூட்டி ஒரு மனிதனைச் செய்ய முடியாது. நிரோசன் கொன்ட்ரோலரை மேசையில் வைத்தான். அவ்வளவு தூரம் கொண்டுவந்து இப்படிச் செய்துவிட்டேனே என்று அவன் முகம் சொன்னது. பெட்டிக்குள் லென்ஸ் டிக், டிக் என்று உரசத் தொடங்கியிருந்தது.

நிரோசன் மெதுவாகச் சொன்னான்: "அவனும் சொன்னவன், முகம் சரிவரல்ல எண்டு. ஆனா ஓட்டம் சரியாம். ஓடுறதுக்கு நாலு விதம் இருக்கு. நாலையும் ஓடவிட்டுப் பார்த்து நாலாவது எடுத்தானாம். அது ஆட்டத்துலதான் தெரியும்."

நான் குறுக்கிட்டேன். "ஆட்டம் எண்டா மைதானம், சனம் எல்லாத்தையும் டிஸ்க்கில இருந்து புதுசா எடுக்கோணும். லென்ஸ் தாங்குமோ தெரியா. நிண்டா இந்த முகமும் போகும். ராத்தா, முதல்ல இத ஃபோன்ல ஒரு படம் எடுப்பம். கிட்டத்தட்ட எண்டாலும் ஒண்டு கையில இருக்கும்."

"அவன் இல்லாத முகத்த வச்சி நான் என்ன செய்யிற தம்பி?" என்றார் சுல்பிகா. "நாலு வருசமா அதத்தான் செய்யிறன். ஒவ்வொரு நாளும் மனசுல கொஞ்சம் கொஞ்சமா வேற ஆரோட முகமோ வருது. ஓட விடுங்க. நிண்டா நிக்கட்டும்."

நிரோசன் வட்டத்தை அமத்தினான்.

திரை கறுத்தது. டிக் டிக் சத்தம் நின்றது. வேறு சத்தமும் இல்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து. இருபது. சுல்பிகாவின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்று என்று எண்ணியபோது டிஸ்க் மறுபடி வேகமெடுத்தது. சனங்களின் ஆரவாரம் கடையை நிரப்பியது.

மைதானத்தில் விரல் நகம் அளவு ஆட்கள். இந்தத் தூரத்தில் முகமே கிடையாது. பந்து ஒன்பதாம் இலக்கத்துக்கு வந்தது. அவன் ஓடினான். இடது கையை மார்போடு மடக்கி, வலது கையை மட்டும் வீசி, தோளைச் சரித்து ஓடினான்.

"அல்லாஹ்," என்றார் சுல்பிகா.

அவர் இரண்டு கைகளாலும் டிவியின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சு வயசில கசுமரத்தால உழுந்து இடக் கை முறிஞ்ச. பொருந்தினதுக்குப் பொறகும் அந்தக் கைய வீசமாட்டான். கடைக்குப் போனாலும் அப்பிடி, பள்ளிக்குப் போனாலும் அப்பிடி. பாருங்க தம்பி! பாருங்க, இவன்தான், இந்தா ஓடுறான்!"

அந்தக் கையை நானும் கண்டிருந்தேன். என் கடை வாசலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனபோது அவன் அப்படித்தான் நடந்தான். இதுவரை அது என் நினைவில் இருந்ததே எனக்குத் தெரியாது. யாரோ ஒரு ஜப்பான்காரன், என்றோ, யாருக்கோ செய்து வைத்த நாலு ஓட்டத்தில் ஒன்று மருதமுனைப் பையனுடையதாக இருந்திருக்கிறது.

"உம்மா, இன்னொண்டு இருக்கு," நிரோசன் ஆட்டத்தை நிறுத்தி மாற்று ஆட்டக்காரர் பட்டியலைத் திறந்தான். அதில் ஒரே ஒரு பெயர். இலக்கம் பன்னிரண்டு. ஆங்கில எழுத்தில், உம்மா.

"இது ஆரு?"

"நீங்கதான். ஆட்டம் சூடா இருக்கிற நேரம் பார்த்துச் சோறு திங்கக் கூப்பிடுவீங்களாம். 'உம்மாவையும் டீமுல சேர்த்தா கூப்பிட ஆளிருக்காது' எண்டான். கோபத்துக்கு நூத்துக்கு தொண்ணூத்தொன்பது போட்டிருக்கான், பாருங்க."

"தொண்ணூத்தொன்பதா? ஒண்ட ஏன் குறைச்ச?"

"அதுக்கு மேல பெட்டியில இல்ல உம்மா."

பன்னிரண்டாம் இலக்கம் மைதானத்துக்குள் வந்தது. மற்ற எல்லோரும் அரைக்கைச் சட்டை. அந்த ஒருவருக்கு மட்டும் மணிக்கட்டுவரை முழுக்கை. சுல்பிகா அதைக் கவனித்தார். அபாயாவின் கையைத் தன்னையறியாமல் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

நிரோசன் கொன்ட்ரோலரை அவரிடம் நீட்டினான். "பிடிங்க. அவன் பாஸ் தருவான். வந்ததும் வட்டத்த அமத்துங்க."

ஒன்பது ஓடிவந்து பந்தைத் தள்ளியது. பந்து நேரே பன்னிரண்டின் காலுக்கு வந்தது. சுல்பிகா இருந்த எல்லாப் பொத்தானையும் சேர்த்து அமத்தினார். பந்து மைதானத்துக்கு வெளியே, சனங்களுக்குள் போய் விழுந்தது.

"ஐயோ! எவ்வளவு வடிவாத் தந்தான், நான் வெளிய அடிச்சிட்டனே!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நிரோசனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்தான்.

அப்போது பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கியது. பாங்கு நேரத்தில் கடையில் எந்தச் சத்தமும் இருக்கக்கூடாது என்பது என் ஒழுங்கு. டிவியின் சத்தத்தை முழுவதும் குறைத்தேன். சுல்பிகா கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்தார். நிரோசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆட்டத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

பாங்கு மட்டும் கேட்டது. திரையில் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. கொன்ட்ரோலர் இயக்கும் பன்னிரண்டாம் இலக்கம் கோட்டோரத்தில் அசையாமல் நின்றது. மற்றவர்கள் ஓடினார்கள். நீலாவணையும் மருதமுனையுமாக முன்னே போனார்கள், திரும்பி வந்தார்கள், ஒருவர் விட்ட இடத்தை ஒருவர் நிரப்பினார்கள். ஒன்பது, இடது கையை மடக்கிக்கொண்டு, பன்னிரண்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

சுல்பிகா மேசையைப் பார்த்தார். கொன்ட்ரோலர் தனியே கிடந்தது. எங்கள் மூவரின் கைகளையும் பார்த்தார்.

பாங்கு முடிந்து அதற்குரிய துஆவை ஓதி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒருத்தரும் பிடிக்கல்லியே மனே?"

"இல்ல உம்மா."

"அப்ப அவனாத்தான் ஓடுறானா?"

"ஓம் உம்மா. அவனாத்தான்."

அவர் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப்போட்டு இருந்தார். நான் தொழப் போகவேண்டும். பெட்டிக்குள் லென்ஸ் மறுபடியும் டிக் டிக் என்றது. சத்தத்தைக் கூட்டாமல், செருப்பை மாட்டாமல், அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு கதவடியில் நின்றேன்.